ஒஸ்டியோபத் மாப்பிள்ளையும் ஒரு விசாரணைக் கடிதமும்

பொதுமக்களிடமிருந்து வரும் கடிதம் எதுவானாலும், கிடைத்த ஏழு நாளுக்குள் ஒப்புகை அனுப்ப வேண்டும். பதில் தயாராக நாளாகும் என்றால், ஏன் நாளாகிறது என்று ஓர் இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். இலங்கை அரசாங்க சேவையில் நான் எழுதுவினைஞனாகச் சேர்ந்த முதல் வாரத்தில், என் மேசைக் கண்ணாடியின் கீழே இருந்த விதி இது. அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது: அறிக்கை கோரப்பட்டிருக்கும் கோப்பில், அறிக்கை வருமுன் தீர்மானம் எழுதலாகாது. மாவட்டக் கச்சேரி என்று நாங்கள் சொல்லும் அரச அலுவலகங்களில் முப்பத்துநான்கு வருடம் இருந்தேன். இரண்டு விதிகளையும் மீறியதில்லை. முதலாவதை அமெரிக்காவில் எவரும் படித்ததில்லை என்பதும், இரண்டாவது என் சொந்த வீட்டில் செல்லாது என்பதும் ஓய்வுபெற்று ஆக்லாந்துக்கு வந்த பிறகுதான் தெரியவந்தன.

1986இன் தொடக்கத்தில் நானும் மனைவியும் மகளோடு மவுண்ட் ஆல்பர்ட்டில், ரயில் சத்தம் கேட்கும் ஒரு பழைய மரவீட்டில் வாடகைக்கு இருந்தோம். மகளுக்கு இருபத்தெட்டு வயது. ஸ்டேஷனுக்குப் பக்கத்து மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி அமெரிக்காவிலிருந்து ஒரு சம்பந்தம் எழுதியிருந்தார். பிள்ளை யாழ்ப்பாணம், வயது முப்பத்தொன்று, சாதகம் பொருந்துகிறது, சீதனம் வேண்டாம், டொக்டர். சீதனம் வேண்டாம் என்ற இடத்திலேயே எனக்கு ஓர் உறுத்தல். பெயருக்குப் பின்னால் இருந்த பட்டத்தைப் பார்த்ததும் அது இரண்டாயிற்று. எம்.பி.பி.எஸ். தெரியும். இங்கிலாந்துக்குப் போய் வாங்கிவரும் நீளமான பட்டங்களும் தெரியும். இது வெறும் டி.ஓ.

"டி.ஓ. எண்டா என்ன?" என்று மகளைக் கேட்டேன்.

"ஒஸ்டியோபதி படிச்ச டொக்டர், அப்பா. அங்க சாதாரண டொக்டர்மாரின்ர எம்.டி. மாதிரித்தான்."

"எம்.டி. மாதிரியோ, எம்.டி.யோ?"

"மாதிரி."

மாதிரி என்ற சொல்லை எந்தக் கோப்பில் கண்டாலும் நான் கீழே சிவப்புக் கோடு போடுகிறவன்.

ஒஸ்டியோபத் என்றால் யார் என்று எனக்கு நேரடியாகத் தெரியும் என்பதுதான் கோளாறு. அதற்கு முந்தைய வருடம் புல்வெட்டும் இயந்திரத்தின் கயிற்றை இழுத்தபோது எனக்கு நாரி, அதாவது இடுப்பு, பிடித்துக்கொண்டது. குனிந்தவன் நிமிர முடியவில்லை. மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கள் குடும்ப மருத்துவர் ஏழு நிமிடம் பார்த்தார். அதில் ஆறு நிமிடம் எழுதினார். மாத்திரை, எக்ஸ்ரேக்கு ஒரு துண்டு, தட்டைப் பலகையில் படுக்கச் சொல்லி ஓர் அறிவுரை. இரண்டு வாரமாகியும் நான் கேள்விக்குறி போலவே நடந்ததைப் பார்த்து, மனைவி என்னை பிளாக்ஹவுஸ் பே என்ற பக்கத்துப் பகுதியில் ஓர் ஒஸ்டியோபத்திடம் அனுப்பினாள். அவர் தன் வீட்டு முன்னறையிலேயே வைத்தியம் பார்த்தார். என்னைக் காலுறையோடு நிற்கவைத்துப் பின்னால் இருந்து வெகுநேரம் பார்த்தார். எந்தப் பக்கம் படுப்பேன், அலுவலகத்தில் எப்படி உட்காருவேன் என்றெல்லாம் கேட்டார். என் சப்பாத்தின் அடியைத் திருப்பி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தார். பிறகு என்னைச் சரித்துப் படுக்கவைத்து, ஒரு தோளைப் பிடித்து, இடுப்பை மறுபக்கம் தள்ளினார். பழைய அலுமாரிக் கதவு திறப்பது போல ஒரு சத்தம் வந்தது. அது என்னிடமிருந்துதான் வந்தது.

மருத்துவர் என் முதுகைப் பற்றி எழுதினார். இவர் என் முதுகைத் தொட்டார். அரசாங்க சேவையில் வளர்ந்தவனுக்கு எழுதுகிறவரே மேலதிகாரி. தொடுகிறவர் எத்தனை கெட்டிக்காரரானாலும் கீழ் உத்தியோகத்தர். ஆகவே சட்டையைப் போட்டுக்கொண்டே அவரிடம் சில விவரங்கள் கேட்டேன். மருந்து எழுதித் தர முடியுமா? முடியாது. வேலைக்கு லீவு எடுக்கச் சான்றிதழ்? பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். மரண அத்தாட்சியில் கையெழுத்து? "என்னிடம் வருகிறவர்கள் அவ்வளவு மோசமான நிலையில் வருவதில்லை" என்று சிரித்தார். அரசாங்கப் பதிவேட்டில் பெயர் உண்டா என்றேன். இந்த நாட்டில் தங்களுக்கென்று சட்டப்படியான பதிவேடு இல்லை என்றார். நேர்மையான மனிதர். மூன்றாம் தடவையோடு வலி போய்விட்டது. தானாகவே போயிருக்கும் என்றார் மருத்துவர். அதையும் நம்பினேன். மூன்று தடவை போனதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

இப்போது அதே பெயருள்ள தொழிலைச் செய்கிற ஒருவருக்கு, டொக்டர் என்று சொல்லி, என் மகளைக் கேட்கிறார்கள்.

இதில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு முன்வழக்கு உண்டு. என் அக்காவை டொக்டர் மாப்பிள்ளை என்றுதான் கட்டிக்கொடுத்தார்கள். கலியாணம் முடிந்து இரண்டு மாதத்தில் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய் டொக்டர் மருமகனைக் கேட்டார். வாசலில் நின்றவன் அவரை யாரோ ஒரு டொக்டரிடம் கொண்டுபோய் விட்டான். அவர், "ஓ, எங்கட அப்போதிக்கரியைத் தேடுறியளோ?" என்று கேட்டார். அப்போதிக்கரி என்பது மருத்துவப் பட்டம் இல்லாமல் மருந்து கலந்து, சின்ன வருத்தங்களைப் பார்க்கும் உத்தியோகம். ஊரில் அவர்களையும் டொக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். தரகர்கள் அதைத் திருத்துவதில்லை. அப்பா கடைசி வரைக்கும் அவரை மருமகன் என்று அழைக்கவில்லை.

"அக்கா நல்லாத்தானே வாழ்ந்தவ?" என்றாள் மனைவி.

"அது வேற விசயம்."

"அதுதானே விசயம்!"

அடுத்த முறை குடும்ப மருத்துவரிடம் இரத்த அழுத்தம் பார்க்கப் போனபோது, ஓர் ஒஸ்டியோபத் மருத்துவரா என்று கேட்டேன். "இல்லை" என்றார், பேனாவைத் தூக்காமலே. "நல்ல மனிதர்களாக இருக்கலாம். மருத்துவர்கள் இல்லை." வீட்டுக்கு வந்து அதைத் தேதியோடு குறித்துவைத்தேன். நான் கேட்ட கேள்வியில் எந்த நாடு என்பது இல்லை. இன்னொருவர் எழுதிய கேள்வியாக இருந்தால் அந்த ஓட்டையை முதல் வாசிப்பிலேயே கண்டுபிடித்திருப்பேன்.

ஆகவே அறிக்கை கோரத் தீர்மானித்தேன். நகர நூலகத்தில் அமெரிக்க முகவரிகள் அடங்கிய தடித்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மாப்பிள்ளை இருக்கும் மாநிலத்தில் மருத்துவர்களுக்கு உரிமம் கொடுக்க ஒன்றல்ல, இரண்டு சபைகள் இருந்தன. ஒன்று சாதாரண மருத்துவர்களுக்கு. மற்றது ஒஸ்டியோபதி மருத்துவர்களுக்கு. இரண்டு பேரும் ஒன்றென்றால் இரண்டு சபை எதற்கு? எம்.டி.களின் சபைக்கு எழுதினேன். நான்கு கேள்விகள், இலக்கமிட்டு: இவர் மருந்து எழுதலாமா? ஆஸ்பத்திரியில் நோயாளியை அனுமதித்து வைத்தியம் செய்யலாமா? மற்ற மருத்துவருக்கு இல்லாத கட்டுப்பாடு ஏதும் இவருக்கு உண்டா? மரண அத்தாட்சியில் கையெழுத்து வைக்கலாமா?

மகள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, பிழையான ஒபிசுக்கு எழுதுறியள். அவருக்கு மற்ற சபைதான் லைசன்ஸ் குடுத்தது."

"மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளை வீட்டிலயே போய் ஆரும் விசாரிக்கிறதே? பக்கத்து வீட்டிலதான் கேக்கிறது."

"அவர் எழுதுற துண்டுக்கு அங்க பார்மசியில மருந்து குடுக்கினம். எனக்கு அது காணும்."

"எனக்குக் காணாது."

1986 ஏப்ரலில் விமானத் தபாலில் போட்டேன். ஒப்புகை வரவில்லை. ஜூனில் ஒரு நினைவூட்டல், ஓகஸ்டில் இன்னொன்று, இரண்டிலும் முந்தைய கடிதத்தின் பிரதி இணைத்து. அமெரிக்கத் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டார். மனைவிதான் எடுத்தாள்.

"அத்தான் என்ன சொல்லுறார், அக்கா? மாப்பிள்ளை வீட்டுக்காரர் முடிவு கேக்கினம்."

"அறிக்கை வரட்டாம்."

"என்ன அறிக்கை? பொலிஸ் அறிக்கையோ?"

"எனக்கெப்பிடித் தெரியும்? பெடியன் டொக்டர்தானோ எண்டு வெள்ளைக்காரனிட்டக் கேட்டு எழுதியிருக்கிறார்."

மறுமுனையில் தம்பி சிரித்தது எனக்கே கேட்டது. சிரிப்பவரைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன்.

இதற்கிடையே மகளும் அந்தப் பிள்ளையும் ஞாயிறு காலையில் தொலைபேசியில் கதைக்கத் தொடங்கியிருந்தார்கள். நான் பத்திரிகை படிப்பது போல உட்கார்ந்திருப்பேன். நோய்களைப் பற்றித்தான் அதிகம் கதைத்தார்கள். ஒரு மருத்துவரும் பார்மசிஸ்டும் அப்படித்தான் கதைப்பார்கள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். இருவரும் ஒத்திகை பார்த்துக்கொண்டு, எனக்குக் கேட்கவென்று நடிக்கிறார்கள் என்றே தோன்றியது.

நவம்பரில் ஒரு நாள், பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டே மகள் கேட்டாள்:

"அப்பா, இங்க பதிவுக் கலியாணத்துக்கு என்ன நடைமுறை?"

இந்த ஒரு கேள்வியை மட்டும் நான் சந்தேகிக்கவில்லை. நடைமுறையைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு வேறொன்றும் தெரிவதில்லை. இருவரில் ஒருவர் நேரில் போய்ப் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுக்க வேண்டும், மூன்று நாள் கழிய வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும், அவளுடைய வயதில் பெற்றோர் சம்மதம் தேவையில்லை என்று வரிசையாகச் சொன்னேன். எந்தப் படிவம் என்றும் சொன்னேன். மனைவி தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"வடிவாச் சொல்லிக் குடுங்கோ" என்றாள்.

நத்தார், அதாவது கிறிஸ்துமஸ், முடிந்த இரண்டாம் நாள் மாப்பிள்ளை வந்து இறங்கினார். மூன்று வார லீவு. கண்ணாடி போட்ட, ஒல்லியான ஆள். வாசலில் சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் நேராக வைத்தார். அடி தேய்ந்திருக்கிறதா என்று என் கண் தானாகப் போனது. தேநீர் வந்ததும், இந்தச் சம்பந்தத்துக்காக நான் திறந்திருந்த கோப்போடு எதிரில் உட்கார்ந்தேன்.

"தம்பி, நீர் மருந்து எழுதுறனீரோ?"

"ஓம் அங்கிள். நாள் முழுக்க அதுதான்."

"ஆஸ்பத்திரியில ஆக்களை வைச்சுப் பாக்கலாமோ?"

"பாக்கிறனான். விடிய அங்க ஒரு சுத்து, பிறகு கிளினிக்."

"அப்ப இந்த முதுகு நெரிக்கிற வேலை?"

"அதையும் படிச்சனாங்கள். வேணுமெண்டாச் செய்வன். ஆனா வாறதெல்லாம் பிரஷரும் சீனியும்தான். பிள்ளையளுக்குக் காய்ச்சல்."

"எம்.டி.க்கும் உமக்கும் என்ன வித்தியாசம்?"

"சம்பளம் ஒண்டு, அங்கிள். வேலை ஒண்டு. கலியாணம் பேசேக்க மட்டும் வித்தியாசம்."

மகள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மரியாதையாகவே கேட்டார்: "நாலாவது கேள்வி என்ன, அங்கிள்?"

என் கடிதத்தில் நான்கு கேள்விகள் இருந்தன என்று நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. மகள் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"மரண அத்தாட்சியில நீர் கையெழுத்து வைக்கலாமோ?"

"வைக்கிறனான். போன மாசமும் ரெண்டு."

"கடவுளே!" என்றாள் மனைவி. "கலியாணம் பேச வந்த பிள்ளையிட்டக் கேக்கிற கேள்வியே இது? பலகாரத்தை எடுங்கோ தம்பி."

பதில்களைக் குறித்துக்கொள்ளப் பேனாவைத் தேடினேன். அது கதிரைக்குக் கீழே விழுந்திருந்தது. குனிந்தேன். நாரி பிடித்துக்கொண்டது.

கை தரையிலும் தலை கதிரைக் காலருகேயுமாக நான் அப்படியே நின்றுவிட்டேன். மூன்று பேரும் எழுந்தார்கள். மனைவியும் மகளும் அவரைத்தான் பார்த்திருப்பார்கள். எனக்குத் தெரிந்தது அவருடைய காலுறைகள் மட்டும். அவை என் பக்கம் ஓரடி வந்து நின்றன.

"அங்கிள், கால் மரத்துப்போச்சோ? சலம் போறதில ஏதும் கரைச்சல்?"

"இல்லை."

"அப்ப பயமில்லை. ஆனா நான் தொடேலாது. எனக்கு இங்க லைசன்ஸ் இல்லை. உங்கட டொக்டருக்குப் போன் அடிப்பம்."

விதி தெரிந்ததால் தொடவில்லையா, வேலை தெரியாததால் தொடவில்லையா என்று அந்த நிலையிலும் யோசித்தேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் தொட்டிருந்தால், உரிமம் இல்லாமல் தொட்டார் என்று கோப்பில் எழுதியிருப்பேன்.

நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடையில் ஆக்லாந்தில் எந்த மருத்துவர் கதவைத் திறப்பார்? எங்கள் மருத்துவர் கடற்கரைக்குப் போய்விட்டார். பிளாக்ஹவுஸ் பே ஒஸ்டியோபத் வீட்டில் இருந்தார். காரின் பின் இருக்கையில் என்னை மடித்து வைத்துக்கொண்டு மகள் ஓட்டினாள். மாப்பிள்ளை முன்னால் இருந்து, பள்ளம் வரும்போதெல்லாம் "மெதுவா, மெதுவா" என்றார்.

அந்த முன்னறையில் மகள் இருவரையும் அறிமுகம் செய்தாள். ஒஸ்டியோபத் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி என்னிடம் திரும்பினார்.

"எங்கள் இருவருக்கும் தொழிலின் பெயர்தான் ஒன்று. நான் மருத்துவர் இல்லை என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன். இவர் மருத்துவர். அமெரிக்காவில் இவர்கள் மருத்துவக் கல்லூரிப் படிப்பு முழுவதையும் படிக்கிறார்கள், அதன் மேல் இதையும்."

அது தெளிவான வாக்குமூலம். தனக்கு எதிராகவே ஒருவர் சொல்லும் சாட்சி. அலுவலகத்தில் என்றால் அதை அப்படியே ஏற்றிருப்பேன். ஆனால் ஒரே தொழில்காரர் இருவர் ஒருவரையொருவர் உயர்த்திப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மேசையில் ஏறிப் படுத்தேன். அலுமாரிக் கதவு திறந்தது. நிமிர்ந்து நடந்து காருக்கு வந்தேன்.

ஜனவரியில் அரச அலுவலகங்கள் திறந்ததும் இருவரும் போய் அறிவித்தல் கொடுத்தார்கள். தாலி கட்டுவது அமெரிக்காவில், அவருடைய தாய் தகப்பன் முன்னால். பதிவு இங்கே, விசாவுக்காக. எல்லாம் நான் நவம்பரில் சொன்ன ஒழுங்கில் நடந்தது. பதிவுக்கு முதல் நாள் மாலை மகள் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ரெண்டு சாட்சி வேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள், அப்பா. அம்மா ஒண்டு. மற்றது நீங்கள்."

"அறிக்கை வரேல்லை, பிள்ளை."

"வராட்டி?"

"திருப்பியும் நினைவூட்டல் போட்டிருக்கிறன்."

அவள் என் கதிரைக் கைப்பிடியில் உட்கார்ந்தாள்.

"அவரை டொக்டர் எண்டு எழுதச் சொல்லேல்லை. என்ர கலியாணத்தைக் கண்டனீங்கள் எண்டு எழுதத்தான் கேக்கிறன்."

"பாப்பம்" என்றேன். கச்சேரியில் முடியாது என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அதை என் மகளும் அறிவாள்.

பதிவாளர் ஒரு பெண்மணி. வாசகங்கள் முடிந்து, மணமக்கள் கையெழுத்திட்டு, மனைவி கையெழுத்திட்டாள். பதிவாளர் பேனாவை என் பக்கம் நீட்டினார். நான் சுவரில் இருந்த அறிவித்தலைப் படித்துக்கொண்டிருந்தேன். அது அலுவலக நேரம் பற்றியது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. பதிவாளர் கதவைத் திறந்து யாரையோ கூப்பிட்டார். பக்கத்து அறைத் தட்டச்சாளர் பெண், வாயில் இருந்த பிஸ்கட்டை அவசரமாக விழுங்கியபடி வந்து, எங்கே என்று கேட்டுக் கையெழுத்து வைத்து, எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லி, திரும்பித் தட்டச்சுக்குப் போனார். மொத்தம் ஒரு நிமிடம் ஆகியிருக்காது. என் சேவைக்காலத்தில், சாட்சி கிடைக்காமல் நின்ற எத்தனையோ சோடிகளுக்கு நானும் அப்படிப் போய்க் கையெழுத்து வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை என்ன படித்தவர் என்று ஒரு தடவையும் கேட்டதில்லை.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை என் பக்கத்தில் நடந்தார்.

"மாமா, நாரி எப்பிடி இருக்கு?"

"பரவாயில்லை."

வேறொன்றும் அவர் கேட்கவில்லை. மாமா என்றதை மட்டும் நான் கவனித்தேன்.

ஜூலையில் மகளுக்கு விசா வந்தது, போய்விட்டாள். ஞாயிறு காலையில் இப்போது அங்கிருந்து எங்களைக் கூப்பிடுவாள். அம்மாவோடு அரை மணித்தியாலம் கதைப்பாள். பிறகு என்னிடம், "மருந்து எடுக்கிறியளோ, அப்பா?" என்பாள். ஓம் என்பேன். அவ்வளவுதான்.

இந்த நாட்டில் செப்டெம்பரில் தொடங்கும் வசந்தகாலத்தின் ஒரு மதியம் தபால்பெட்டியில் நீள உறை ஒன்று கிடந்தது. நான் எழுதிய சபையிலிருந்து அல்ல, எழுத மறுத்த சபையிலிருந்து. என் கடிதம் தவறான அலுவலகத்துக்கு முகவரியிடப்பட்டிருந்ததால் தங்களுக்கு மாற்றி அனுப்பப்பட்டதாகவும், தாமதத்துக்கு வருந்துவதாகவும் முதல் பந்தியில் இருந்தது. அடுத்து நான்கு பதில்கள், இலக்கமிட்டு. மருந்து எழுதலாம். ஆஸ்பத்திரியில் வைத்தியம் செய்யலாம். எந்தக் கட்டுப்பாடும் இல்லை. மரண அத்தாட்சியில் கையெழுத்து வைக்கலாம்.

பின்னால் ஒரு தாள் இணைத்திருந்தார்கள். ஒருவரைப் பற்றி வெளியாள் விசாரித்தால், அந்த விசாரணையின் பிரதியை அவருக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்பது அந்தச் சபையின் விதியாம். நல்ல விதி. என் கடிதத்தின் நான்கு கேள்விகளுக்கும் கீழே, ஆட்சேபம் ஏதும் உண்டா என்ற கட்டத்தில், இல்லை என்று எழுதி மாப்பிள்ளை கையெழுத்து வைத்திருந்தார். அவர் இட்ட தேதி 1986 டிசம்பர் 2. அதாவது ஆக்லாந்துக்கு விமானம் ஏறுவதற்கு மூன்று வாரம் முன்னால். எல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்து, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, நாலாவது கேள்வி என்னவென்று கேட்டிருக்கிறார்.

மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள்: "என்னப்பா காயிதம்?"

"அறிக்கை."

"என்னவாம்?"

"டொக்டர்தானாம்."

குழாயைத் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. நான் கோப்பை எடுத்து, தாள்களை ஒழுங்காக அடுக்கி, அறிக்கையை மேலே வைத்தேன். அதன் வலது மூலையில், வழக்கம்போல, கிடைத்த நாளைப் பென்சிலால் எழுதினேன்: 1987 செப்டெம்பர் 17, வியாழக்கிழமை.